கேமரா போன வழியில் கத்தி போகாதா?

போன வருடம், ஹோலி முடிந்த வாரம். தில்லியில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், தொண்டை மருத்துவர் எதிரில் அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா மோதி பாக் குவார்ட்டர்ஸ் பக்கம் தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர். குரல்தான் அவருடைய கடை. "பாலக், மேத்தி" என்று நாலு மாடிக்கும் கேட்கும்படி கத்துவார். தமிழர்கள் இருக்கும் பிளாக் வந்ததும் அதுவே "சின்ன வெங்காயம், முருங்கக்கா" என்று மாறிவிடும். அந்தக் குரல் மூன்று மாதமாகக் கம்மிக் கிடந்தது. கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பிறகு மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகவே துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய், ஆரம்ப நிலை என்று முடிவு வந்தது.

மருத்துவர் ஆங்கிலத்தில் பேசினார். கழுத்தைத் திறந்து குரல்வளையை எடுத்துவிட வேண்டும்; அதன்பின் கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் மூச்சு; பழைய பேச்சு வராது; உயிர்தானே முக்கியம் என்றார். நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ரேஷன் கார்டிலிருந்து கரண்ட் பில் வரை எந்தத் தாளும் என் கைக்குத்தான் வரும். யாராவது ஆங்கிலத்தில் பேசினால், புரிந்தாலும் புரியாவிட்டாலும் "யெஸ் சார்" சொல்லிப் பழகியிருந்தேன். திருப்பிக் கேட்டால் இவன் என்ன படித்தான் என்று நினைத்துவிடுவார்களோ என்று கூச்சம்.

நான் விஷயத்தைத் தமிழில் சொன்னதும் அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏன்டா, கேமரா போன வழியிலயே கத்தி போவாதா? அன்னிக்கு வாய் வழியாதான பிச்சு எடுத்தாங்க? மிச்சத்தையும் அப்பிடியே எடுக்க முடியுமான்னு கேளு."

"சும்மா இருப்பா. டாக்டருக்குத் தெரியாததா?"

"எனி டவுட்?" என்றார் மருத்துவர். "நோ சார்" என்று சொல்லிச் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

பஸ்ஸில் அப்பா, "மணி வாங்கி அடிச்சிக்கினு போறேன். குல்ஃபிக்காரன்னு நெனச்சி பசங்க ஓடியாரும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அறுவை சிகிச்சைக்கு இரண்டு நாள் முன்பு மயக்க மருந்து கொடுக்கும் பெண் மருத்துவர் அப்பாவைப் பரிசோதித்தார். வாயை நன்றாகத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அப்பா வாயை மூடியதுமே, என்னைக் கேட்காமல், முப்பது வருடம் பேரம் பேசிய இந்தியில் அவரே கேட்டுவிட்டார்: "மேடம்ஜி, இஸீ ராஸ்தே ஸே நஹீ நிகலேகா க்யா?" இதே வழியாக எடுக்க முடியாதா என்று.

அந்த அம்மா ஃபைலைப் புரட்டினார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். நோய் ஒரு பக்கக் குரல் நாணில் மட்டும்தான் இருக்கிறது, இந்த அளவில் இருந்தால் வாய் வழியாகவே லேசரால் எடுக்கும் இடங்கள் இருக்கின்றன, குரல் கொஞ்சம் கரகரத்தாலும் மிஞ்சும், இங்கே அந்தக் கருவி இல்லை, வேறு ஒருவரிடமும் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள் என்று தணிந்த குரலில் சொன்னார்.

நான் நேரே முதல் மருத்துவரிடம் போனேன். வேறு இடத்தில் வாய் வழியாகச் செய்கிறார்களே, ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "படித்தவர்தானே நீங்கள்? சந்தேகம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றீர்கள்." அவ்வளவுதான். இவரிடம் கருவி இல்லை என்பதற்காக ஒரு மனிதனின் தொண்டை போக வேண்டுமா? மேஜையைக் குத்திவிட்டேன். காவலாளி வந்து, "சலோ பையா, சலோ" என்று என்னை வெளியே தள்ளினார்.

பிறகு ஓர் அரசு மருத்துவமனையில் மூன்று நாள் வரிசையில் நின்றோம். அங்கிருந்த இளம் மருத்துவர் தாளில் படம் வரைந்து, அப்பாவைப் பார்த்து, இந்தியிலேயே விளக்கினார். வாய் வழியாகத்தான் செய்தார்கள். கழுத்தில் ஒரு கீறல் கிடையாது. சில நாள் பேசக்கூடாது என்றார்கள். அப்பா சைகையிலேயே என்னைத் திட்டினார். இப்போது குரல் இரண்டாவது மாடி வரைதான் எட்டுகிறது. மேல்மாடிக்காரர்கள் கொஞ்சம் இறங்கி வருகிறார்கள். சொன்ன தேதிக்கெல்லாம் தவறாமல் காட்டி வருகிறோம்.

முதல் மருத்துவமனைக்குப் புகார் எழுதினேன். பதில் இல்லை. அந்த மருத்துவர் மீதுள்ள கோபம் ஆறவில்லை, ஆற வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்ட அப்பாவை முதலில் வாய் மூட வைத்தவன் நான்தான். அந்த ஒன்றுக்கு மட்டும் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.