மாப்பிள்ளை முன் நீட்டாத நாக்கு

பக்கவாதம் வந்த என் மாமனாரை மூக்குக் குழாயுடன் கொல்லிமலைக்குத் திரும்பக் கூட்டிவந்தோம். கை கால் அசைந்தன. பேச்சு குழறினாலும் புரிந்தது. விழுங்க மட்டும் முடியவில்லை, தண்ணீர்கூடப் புரையேறியது. சாமைச் சோற்றை வாயால் சாப்பிட வேண்டும். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

மருத்துவமனையில் பயிற்சி தரும் பெண் அதற்கு வழி சொல்லியிருந்தார். நாக்கை வெளியே நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். உள்ளிருந்து நாக்கால் கன்னத்தை முட்ட வேண்டும். கரண்டியின் முதுகை நாக்கால் தள்ள வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை. "எதிரில் ஒருத்தர் உட்கார்ந்து பார்க்கணும். முதல் சில வாரம் ரொம்ப முக்கியம்" என்றார். என் மனைவி சேந்தமங்கலத்தில் பள்ளி ஆசிரியை. வாரக் கடைசியில்தான் மேலே வருவாள். பத்திரிகை வேலையில் விடுப்பு எடுத்திருந்த என்னிடம் பயிற்சித் தாளைக் கொடுத்தார்கள்.

முதல் நாள் காலை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மாமனார் வாயைத் திறக்கவில்லை. வேலியோரம் நின்ற பங்காளி ஒருவர், "ஏனுங்க, மாப்பிள்ளைக்கு அழகு காட்டப் போறீங்களா?" என்று சிரித்தார்.

மாமியார் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "உங்களுக்கு முன்னால சட்டையில்லாமக்கூட ஒக்கார மாட்டாருங்க. நாக்க நீட்டச் சொன்னா எப்படி நீட்டுவாரு?"

"நீங்க மொளகுக் கொடியப் பாத்துட்டு வாங்க மாப்பிள்ளை. நானே பண்ணிக்கறனுங்க" என்றார் மாமனார்.

போனேன். அதை மரியாதை என்று நினைத்தேன். எனக்கும் அது வசதியாக இருந்தது. அரைமணி கழித்து வந்து, "ஆச்சுங்களா?" என்பேன். "ஆச்சுங்க" என்பார். தாளில் குறி போடுவேன். வாரக் கடைசியில் வரும் மனைவி அந்தக் குறிகளைப் பார்த்து நம்பினாள். ஒருநாள் சீக்கிரம் திரும்பியபோது ஜன்னல் வழியே பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வெளியிலேயே பத்து நிமிடம் நின்றுவிட்டு உள்ளே போனேன். "ஆச்சுங்க" என்றார். அன்றும் குறி போட்டேன். கண்ணால் பார்க்காததை எழுதாதே என்று அலுவலகத்தில் புதியவர்களுக்குச் சொல்கிறவன் நான்.

ஐந்து வாரம் கழித்து மருத்துவமனையில் ஒரு கரண்டி கெட்டிக் கஞ்சி கொடுத்துப் பார்த்தார்கள். கண் சிவக்க இருமினார். பயிற்சிப் பெண் தாளைப் பார்த்தார். ஒரு வேளைகூட விடுபடவில்லை.

"எதிரில் உட்கார்ந்தது யாருங்க?"

"மாப்பிள்ளைதானுங்க. நல்லாப் பாத்துக்கிட்டாரு" என்றார் மாமனார்.

நான் மறுக்கவில்லை. குழாய் மூக்கிலேயே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் எழுந்து போய் அப்பாவுக்கு நேரெதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நாக்க நீட்டுங்க."

உடனே நீட்டினார். பல்லைத் தாண்டவில்லை, வலப்பக்கம் கோணியது.

"இவ்வளவுதானா? பக்கத்து ஊட்டு நாய் உங்களைவிட நல்லா நீட்டுது" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே மறுபடி முயன்றார். நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

இப்போது அவள் விடுப்பில் இருக்கிறாள். நாலு கரண்டி கூழ் வாய்வழியே இறங்குகிறது. மீதி குழாயில்தான். அந்த ஐந்து வாரமும் பயிற்சி நடந்திருந்தால் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று பயிற்சிப் பெண்ணிடம் கேட்க நினைத்தேன். இதுவரை கேட்கவில்லை.