‘ஆனால்’ என்பதற்குக் கட்டம் இல்லை

அந்த மனுவின் முதல் வரி எனக்கு இன்னும் மனப்பாடம். “எங்கள் தெருவுக்கு இத்திட்டத்தில் ஆட்சேபணை எதுவும் இல்லை. ஆனால்,” என்று தொடங்கும். கோடு போட்ட முழுத்தாள், இரண்டு பக்கமும் நீல மையில் எழுத்து, மேல் ஓரத்தில் தையல் சாக்பீஸ் பொடி ஒட்டியிருந்தது. எழுதியவள் எங்கள் தெருவின் கடைசி வீட்டுத் தையல்கார அக்கா. ரவிக்கைத் துணியில் குறி போடுகிற மேசையிலேயே வைத்து எழுதியிருப்பாள் போல. அதை வாங்கி முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டவன் நான்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் ஒரு சின்னப் பேரூராட்சி. பெயர் எதற்கு, வேண்டாம். அங்கே நான் இளநிலை உதவியாளர், குடியிருந்ததும் அதே ஊரில், அக்கா வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. சீசன் வந்துவிட்டால் எங்கள் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. கேரளாவிலிருந்து புளியறை வழியாக வருகிற கார்களும் வேன்களும் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். வந்தவர்கள் குற்றால அருவியில் ஆசை தீரக் குளித்து, பரோட்டா தின்று திரும்புகிறவரை நம் சைக்கிளைக்கூட வெளியே எடுக்க முடியாது. ஆகவே வாகன நிறுத்தம் வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வம்பெல்லாம் அதற்குப் பார்த்த இடத்தில்தான்.

தெருவின் தாழ்ந்த கோடியில் ஒரு பொட்டல் உண்டு. பத்து மாதம் ஆடு மேயும். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழை கொட்டி, அருவியில் குளிக்கத் தடை போடுகிற நாட்களில், வாய்க்கால் கொள்ளாத தண்ணீரெல்லாம் அங்கே வந்து பரவி, நாலைந்து நாளில் வற்றிவிடும். அந்தப் பொட்டலை மண்ணடித்து இடுப்பளவு உயர்த்தி, மேலே சிமெண்டுக் கல் பதிக்கப்போவதாக வரைபடம் சொன்னது. அப்புறம் தண்ணீர் எங்கே போகும்? பொட்டலை ஒட்டியிருந்த அக்கா வீட்டுக்குள்தான் போகும். இது எங்கள் தெருவில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும்.

மக்கள் எழுத்திலோ, பிறகு நடக்கும் கூட்டத்திலோ ஆட்சேபணை தெரிவிக்கலாம் என்று அறிவிப்பு ஒட்டினோம். இங்கேதான் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு யார் முகத்துக்கு நேரேயும் ‘மாட்டேன்’ என்று சொல்ல வராது. பெண் கேட்டு வந்தவர்களிடம், “எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல, ஆனா பிள்ளை இன்னும் படிக்கணும்னு சொல்லுதா” என்போம். வந்தவர்களும் காப்பியைக் குடித்துவிட்டு, வருத்தப்படாமல் வேறு வீடு பார்க்கப் போவார்கள். பேச்சு தொடங்குவதே ‘ஆனா’வில்தான், அதற்கு முன்னால் வருவது வாசலில் போடுகிற கோலம் மாதிரி, ஒரு மரியாதை. அக்காவும் அந்த மரியாதையோடுதான் எழுதியிருந்தாள். தண்ணீர் வரும் வழி, எந்த வீட்டில் எத்தனை படி முழுகும், வாகன நிறுத்தத்தைச் சந்தைக்குப் பின்னால் மேட்டு நிலத்தில் வைக்கலாம் என்கிற யோசனை, எல்லாம் ‘ஆனால்’ என்ற சொல்லுக்குப் பிறகு இருந்தது. தெருவே அடியில் கையெழுத்துப் போட்டிருந்தது.

முதல் வரியை மட்டும் படித்ததால் வந்த பிழை என்று நான் சொல்லிக்கொள்ளலாம். பொய். முழுவதும் படித்தேன், இரண்டு தரம் படித்தேன். சீசனுக்கு முன்னால் வேலையை ஆரம்பிக்க வேண்டும், ஆட்சேபணைப் பட்டியல் சுத்தமாக இருக்கட்டும் என்று மேலே இருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். எனக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. படிவத்தில் ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டே கட்டங்கள். மனுவின் முதல் வரியிலேயே ‘இல்லை’ இருந்தது. எடுத்து எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

பட்டியலை அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டு அக்கா நேரே என் வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

“ஏ தம்பி, நான் ‘ஆனால்’னு போட்டிருக்கேம்லா? ரெண்டு பக்கம் எழுதியிருக்கேனே, படிக்கலையா?”

“ஃபாரத்துல ‘ஆனால்’னு ஒரு கட்டம் இல்லக்கா,” என்றேன். கெட்டிக்காரத்தனமாகப் பேசியதாக அப்போது ஒரு நினைப்பு.

அவள் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினாள். “அப்படியா? சரி, கூட்டத்துல சொல்லுதேன்,” என்று போய்விட்டாள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மாவட்டத்திலிருந்து அதிகாரி வந்திருந்தார். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஃபைலோடு நான். எதிரே என் தெரு முழுக்க உட்கார்ந்திருந்தது. “யாருக்காவது ஆட்சேபணை உண்டா?” என்று கேட்டபோது அக்கா ஒருத்தி மட்டும் எழுந்தாள். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள்.

“தெரு முழுக்கச் சம்மதிச்சு எழுதியிருக்கு. உங்களுக்கு மட்டும் என்னம்மா?” என்றார் அதிகாரி.

“அவங்கெல்லாம் மரியாதைக்காரங்க சார். எனக்கு வீட்டுக்குள்ள தண்ணி வரும், அதான் மரியாதை பாக்க முடியல.”

மண்டபமே சிரித்தது. அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனுஷன்தான் அவர், இப்போதும் சொல்வேன். சிரித்த முகத்தோடே என் பக்கம் திரும்பி, “நீங்க அதே தெருதானே? அங்க தண்ணி வருமா?” என்று கேட்டார்.

வரும் என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் அவர் பொட்டலைப் போய்ப் பார்த்திருப்பார். ‘அப்படியானால் ஆட்சேபணை இல்லை என்று ஏன் எழுதினாய்’ என்றும் கேட்டிருப்பார். நான் ஃபைலைப் புரட்டினேன்.

“ஃபைலைப் பாத்துச் சொல்லுதேன் சார்,” என்றேன்.

அக்கா உட்கார்ந்துவிட்டாள். திட்டம் அப்படியே நிறைவேறியது. எனக்கு வேலையும் நிரந்தரமானது.

அடுத்த சீசனில் தெரு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வாசலில் ஒரு வண்டி இல்லை. கார்த்திகையில் தண்ணீர் வந்தது. வழக்கமான இடம் மேடாகியிருக்கவே, அக்கா வீட்டுக்குள் முழங்கால் அளவுக்கு ஏறியது. தையல் மெஷின் மோட்டார் போயிற்று. கல்யாணத்துக்குத் தைக்க வந்த பட்டு ரவிக்கைகள் சாயம் இறங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவற்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டாள். நான் மணல் மூட்டை அடுக்கப் போனேன், என்ன புண்ணியம்? மறு வருஷமும் அதே கதை. அதற்கப்புறம் வீட்டைப் பூட்டிவிட்டுக் கீழப்பாவூரில் தன் தம்பி வீட்டுப் பக்கம் வாடகைக்குப் போய்விட்டாள்.

இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறேன். மக்கள் கருத்துக் கேட்பது முன்னைவிட அதிகமாகிவிட்டது. கூட்டம் போடுகிறார்கள், வரைபடத்தைச் சுவரில் மாட்டுகிறார்கள், செல்போனில்கூட எழுதி அனுப்பலாம். மனு எதுவானாலும் நான் கடைசி வரியிலிருந்து மேலே படித்துக்கொண்டு வருகிறேன். ‘ஆனால்’ வந்தால் அதற்குப் பிறகு உள்ளதை அப்படியே எடுத்து எழுதுகிறேன். எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓரத்தில் ஏறி இறங்கும். ‘ஏன் இப்படிக் கோழி கிளறின மாதிரி எழுதுதீரு’ என்று கண்காணிப்பாளர் சத்தம் போடுவார். போடட்டும்.

போன மாதம் துணிந்து கீழப்பாவூர் போனேன். அக்கா அதே மாதிரிதான் வரவேற்றாள். காப்பி கொடுத்தாள், என் மகள் படிப்பை விசாரித்தாள். மெஷினில் ஒரு பாவாடை ஓடிக்கொண்டிருந்தது. நான் எதையோ ஆரம்பித்து இழுத்தேன். அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

“தெரு ஆளுவ மேல எனக்கு வருத்தமே கிடையாது தம்பி. உன் முகத்தை முறிக்கப்படாதுன்னுதான் அத்தனை பேரும் வாயை மூடிட்டு இருந்தாவ. நீ யார் முகத்தைப் பாத்துட்டு இருந்த?”

“அந்த அதிகாரி முகத்தத்தான்க்கா,” என்றேன். அந்த உண்மையையாவது சொல்ல முடிந்தது.

அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். “அவரு பேரு என்ன?” என்று கேட்டாள்.

எனக்கு ஞாபகம் வரவில்லை.