கடல் குதிரைக்குச் சந்தனப் பொட்டு

புதுச்சேரியில் பழைய பிளாஸ்டிக் வாங்கி விற்றவர்களில் என் அளவுக்கு வந்தவன் எவனும் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு காலாப்பட்டு வரைக்கும் போய் உடைந்த குடமும் பக்கெட்டும் எடுத்தவன். எல்லார் கையிலும் செல்போன் வந்த காலத்தில் எனக்குக் கருவடிக்குப்பத்தில் குடோன், டவுனுக்குள் பழைய சாமான் கடை. பிளாஸ்டிக்கை நகத்தால் கீறியே என்ன ரகம் என்று சொல்லிவிடுவேன்.

கடையில் விற்பனைக்கு இல்லாத ஒரே இடம் கடல் குதிரை அலமாரி. நிஜக் கடல் குதிரை இல்லை, குழந்தைகள் குளிக்கும்போது தண்ணீரில் மிதக்கவிடும் பொம்மை. மேலே குட்டிக் குதிரை, கீழே மீன் வால், கழுத்தில் சீவிவிடுகிற மாதிரி முடி. எண்பதுகளில் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகளில் பாரிசிலிருந்து பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் ஓட்டைச் சட்டியோடு என்னிடம் தள்ளினார்கள்.

எல்லாம் ஒன்றுதானே என்பார்கள் விவரம் கெட்டவர்கள். ஒரே குதிரையை நாட்டுக்கு நாடு வேறு மாதிரி வார்த்திருக்கிறார்கள். பிரான்சில் செய்தது வெளிறின ரோஸ், முடி பட்டு மாதிரி. இத்தாலிக் குதிரை கனம், கண்ணுக்கு நீல மை. நம்ம நாட்டில் செய்தது அடர்ந்த ரோஸ், முடி கயிறு மாதிரி முரடு. கிடைப்பதற்குக் கஷ்டம் இந்த நம்ம நாட்டு ரகம்தான். என்னிடம் அதில் ரெண்டு. ஒன்று, பிள்ளைச்சாவடியில் ஒரு மீனவர் வீட்டுத் தூளியில் தொங்கியது. அந்தக் குழந்தைக்குச் சாவி கொடுத்தால் நடக்கும் புது யானை வாங்கிக் கொடுத்துவிட்டு எடுத்துவந்தேன்.

எனக்கு இல்லாதது ஸ்பெயின் ரகம். ஒயிட் டவுனில் தங்கியிருந்த, தமிழ் பேசும் ஒரு பிரெஞ்சு மதாமிடம் அது இருந்தது. அவரும் குதிரை சேர்ப்பவர், ஒவ்வொன்றுக்கும் ரகத்தைச் சீட்டில் எழுதி நாலு பேர் பார்க்க வைப்பார். நம்ம நாட்டுக் குதிரை ஒன்றைக் கொடுத்தால் ஸ்பெயினைத் தருவதாக அவரே சொன்னார். ஆயுத பூஜைக்கு மறுநாள் வருவதாகப் பேச்சு.

பூஜை அன்று குடோனில் படைத்துவிட்டுக் கடைக்கு வந்தேன். கடையைப் பார்த்துக்கொள்பவன் என் மனைவியின் தம்பி. ஷட்டர், தராசு, கல்லாப்பெட்டி, ஃபேன் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்திருந்தான். அலமாரி திறந்து கிடந்தது. உள்ளே ஒவ்வொரு குதிரை நெற்றியிலும் ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"யார்ரா வெச்சது?"

"நான்தான் மாமா. எல்லாத்துக்கும் வெச்சிட்டு இதுங்கள விட்டா நீங்க கத்துவீங்களேன்னு வெச்சேன்."

"தராசும் இதுவும் ஒண்ணாடா?"

"தராசை நீங்க இப்படித் துடைச்சு நான் பாத்ததே இல்லியே மாமா."

என்னோடு வந்திருந்த என் மனைவி சிரித்தாள். "சாமின்னு நெனைச்சிட்டான், விடுங்க. என் நெத்தியில வெக்கற குங்குமம் கழுவினா போவுதில்ல?"

நெற்றியில் வைத்தால் போகும். மெத்தென்ற பழைய பிளாஸ்டிக்கில் போகாது. பாக்கெட் சந்தனத்தில் பாதி மஞ்சள், குங்குமமும் மஞ்சளில் செய்வதுதான். உள்ளேயே இறங்கிவிடும். சோப்பு போட்டேன், பல்பொடி போட்டேன், மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். கறை அசையவில்லை. மஞ்சளுக்கு ஒரே மருந்து வெயில். ஆனால் வெயிலில் வைத்தால் ரோசும் சேர்ந்து வெளுக்கும். வெளுத்துப்போன நம்ம நாட்டுக் குதிரையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பூஜை நாளில் கத்தக் கூடாது என்பார்கள். கத்தினேன். மச்சான் நீட்டின பொரியைத் தட்டிவிட்டேன்.

மறுநாள் மதாம் ஸ்பெயின் குதிரையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். முதுகுத் துடுப்பு மற்றதைவிட நீளம். பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் நம்ம குதிரையை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பொட்டு வெச்சது. ரொம்ப நல்லா இருக்கு. இந்தியாவுல மட்டும் வர்ற தனி ரகம்னு எழுதி வெப்பேன்" என்று சொல்லி ஸ்பெயினை என் பக்கம் தள்ளினார்.

"பாத்தீங்களா மாமா" என்றான் மச்சான்.

அப்போது வந்த கோபம் முந்தின நாள் கோபத்துக்கு அண்ணன். ரகம் என்பது வார்க்கிற இடத்தில் பிறப்பது. இவன் விரலால் அப்பினது ரகமா? இவர் அப்படி எழுதி வைத்தால் நாலு பேர் நம்புவார்கள். அப்புறம் கண்ட குதிரைக்கெல்லாம் பொட்டு வைத்து விற்க ஆள் வரும். பழைய சாமான் தொழில் எனக்குத் தெரியாதா?

"மதாம், இது கறை. கறைன்னு எழுதறதா இருந்தா எடுத்துக்கங்க."

"கறைன்னு எழுதினா யார் பாப்பாங்க?" என்று சிரித்தார்.

குதிரையை அவர் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவர் ஸ்பெயினைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

"ஒரு வார்த்தைதான மாமா, எழுதிக்கிட்டுப் போறாங்க."

"நீ வாயை மூடுடா."

ஸ்பெயின் ரகம் அதற்கப்புறம் என் கைக்கு வரவே இல்லை. மற்ற மூன்று நாட்டுக் குதிரையும் இருக்கிறது, கறையோடு. யாராவது அந்தப் பொட்டு அழகாயிருக்கிறது என்றால், கடையை விட்டு வெளியே போகச் சொல்லிவிடுவேன்.