தூதரகத்துக்குப் போன ஒரு தகவல்

அரியலூர் கோர்ட்டில் இலவச சட்ட உதவி வக்கீலாக நான் நடத்திய வழக்குகளில் மனசுக்கு நிறைவானது எது என்று ஜூனியர்கள் கேட்பார்கள். சோம்ஸ்ரீயின் வழக்கைத்தான் சொல்வேன்.

தாய்லாந்துப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். கோயில்களைப் பார்த்தபடி தனியாக சைக்கிளில் சுற்றியவர். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிய நேரம். ரெட்டிபாளையம் ரோட்டில் ஒரு குழந்தையைக் கடத்தப் பார்த்ததாகச் சொல்லி, கூட்டம் அவர் கையை முறுக்கி அடித்து போலீஸிடம் ஒப்படைத்திருந்தது. ரிமாண்டுக்குக் கொண்டுவந்தபோது உதடு கிழிந்து வீங்கியிருந்தது. தமிழ் தெரியாது. "பேபி, பிக் கார்" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"பாருங்க மேடம், புள்ளையத் தூக்கிட்டுப் போக காரு வேற ரெடியா வெச்சிருந்திருக்கா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவங்க தூதரகத்துக்குத் தகவல் சொன்னீங்களா சார்?"

"மொதல்ல ரிமாண்ட் ஆவட்டும். வெளிய எவ்ளோ ஜனம் நிக்குது பாத்தீங்களா?"

"நம்ம செந்துறைப் பையன் ஒருத்தன துபாய்ல புடிச்சு வெச்சா, நம்ம தூதரகத்துக்குச் சொல்லுன்னு கேப்போமா மாட்டோமா?"

அவர் ரிமாண்ட் பேப்பரை மேஜையில் கொண்டுபோய் வைத்தார்.

மாஜிஸ்திரேட் அம்மாவிடம் அதையே சட்டமாகச் சொன்னேன். வியன்னா உடன்படிக்கை, 36ஆவது பிரிவு. வெளிநாட்டவரைக் கைது செய்தால், தன் நாட்டுத் தூதரகத்தோடு பேசும் உரிமை உண்டென்று அவரிடம் உடனே சொல்ல வேண்டும். அவர் கேட்டால் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் தர வேண்டும். இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்ட நாடு. நம் நாட்டுக்காரர் ஒருவருக்கு வெளிநாட்டில் இந்த உரிமையை மறுத்தபோது, சர்வதேச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தவர்கள் நாம்.

மாஜிஸ்திரேட் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "எஸ்.பி. ஆபீஸ் மூலமா இப்பவே சொல்லுங்க. அவங்க பேசட்டும். அப்புறம் ரிமாண்ட் பத்திப் பாக்கலாம்."

மதியம் சென்னையிலுள்ள தாய்லாந்து துணைத் தூதரகத்திலிருந்து ஓர் அதிகாரி வீடியோ காலில் வந்தார். தன் மொழி காதில் விழுந்ததும் சோம்ஸ்ரீ முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். பிறகு பேசினார், நிறுத்தாமல். அதிகாரி அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்திருக்கிறது. பின்னால் குழந்தை நின்றிருக்கிறது. இவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி, கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். பிக் கார் என்றது அந்த லாரியை.

இன்ஸ்பெக்டரை ஒன்றுக்காகப் பாராட்ட வேண்டும். அவரே ஆள் அனுப்பி, எதிரே இருந்த டயர் கடையின் கேமராப் பதிவை எடுத்துவரச் செய்தார். லாரி, குழந்தை, பாய்ந்து வரும் சோம்ஸ்ரீ, எல்லாம் தெளிவாக இருந்தது. "ரிமாண்ட் கேக்கலைங்கம்மா" என்று அவரே மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். அங்கேயே விடுவித்தார்கள். அடித்தவர்கள் மேல் தனியாக வழக்குப் பதிவானது.

நடந்ததைக் கேள்விப்பட்டு வந்த குழந்தையின் தாய் வராந்தாவில் காத்திருந்தாள். "எம் புள்ள உசுரக் காப்பாத்துன கையையா முறுக்குனாங்க?" என்று சோம்ஸ்ரீயின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மொழிபெயர்க்க யாருமில்லை, தேவைப்படவும் இல்லை.

ஜூனியர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அவர் குற்றமே செய்திருந்தாலும் அந்தத் தகவல் போயாக வேண்டும். அது சலுகை இல்லை, உரிமை.

பெரம்பலூருக்கு மாறிப்போன அதே இன்ஸ்பெக்டர் சென்ற மாதம் போன் செய்தார்.

"மேடம், ஒரு ஃபாரினரப் புடிச்சிருக்கோம். தூதரகத்துக்குச் சொல்லியாச்சு. அடுத்து ஒங்களுக்குத்தான் சொல்றேன், வாங்க."