மாமாவின் டாக்ஸியும் ஒன்பதாவது நிபந்தனையும்

அந்த விண்ணப்பத்தை நாற்பது முறையாவது டைப் அடித்திருப்பேன். ஒரு முறைகூடப் படிக்கவில்லை. டைப் அடிப்பவர்களுக்கு இது புரியும். கண் எழுத்தைப் பார்க்கும், விரல் அடிக்கும், மனசு வேறெங்கோ இருக்கும். என் மனசு பெரும்பாலும் மத்தியானச் சாப்பாட்டிலோ, வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமா என்பதிலோ இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. அம்மா அப்பா இல்லாததால் அம்பத்தூரில் அக்கா வீட்டில் இருந்தேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்ரைட்டிங் ஹையர் தேறியிருந்தேன். எங்கள் பக்கத்து வாகனப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தேன். லைசென்ஸ், பெயர் மாற்றம், எஃப்.சி. என்று வருகிறவர்களுக்கு எல்லாம் அடித்துக் கொடுப்பதுதான் வேலை.

அக்கா புருஷனை மாமா என்று கூப்பிடுவேன். டாக்ஸி ஓட்டினார். கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. மூன்று கை மாறி அவரிடம் வந்த வண்டி. என்னைவிட வயதில் மூத்தது. அம்பத்தூர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நிற்கும். சென்ட்ரலுக்கு, ஏர்போர்ட்டுக்கு, கல்யாண முகூர்த்தங்களுக்கு, எப்போதாவது திருப்பதிக்கு. வளைகுடாவில் சண்டை வந்து பெட்ரோல் விலை ஏறியபோது மாமா திண்டாடிப் போனார். காலையில் ஊற்றினால் சாயந்திரம் முள் கீழே கிடக்கும்.

"இது குடிக்கிற குடிக்கு நான் இன்னொரு பொண்டாட்டி கட்டிகினு இருக்கலாம்" என்பார். அக்கா கையில் கிடைத்ததை எடுத்து அவர் மேல் எறிவாள்.

அப்போதுதான் அந்தத் திட்டம் வந்தது. அலுவலகப் பலகையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அதிகமாகப் பெட்ரோல் குடிக்கும் பழைய வண்டிகளை ஒப்படைத்து உடைக்கக் கொடுத்தால் ஒரு சான்றிதழ். அதைக் காட்டினால் எரிபொருள் சிக்கனமான புது வண்டி வாங்கும்போது வரியில் பெரிய தள்ளுபடி, வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன். சர்க்கார் எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் இதைப் போட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அன்று சாயந்திரம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

"மெய்யாலுமா பாப்பா?"

"இன்னிக்கு நானே ரெண்டு பேருக்கு அந்த ஃபாரம் அடிச்சேன் மாமா. எனக்குத் தெரியாதா?"

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "ஓடிகினு கீற வண்டிய இன்னாத்துக்குடி குடுக்கணும்? மொதல்ல புது வண்டி ஊட்டாண்ட வந்து நிக்கட்டும். அப்புறம் இத்த குடுக்கலாம்."

"அப்படிக் குடுக்க மாட்டாங்கக்கா. பழசக் குடுத்தாத்தான் சான்றிதழே."

"உனுக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். மாமா ஒரு வாரம் யோசித்தார். அந்த வாரம் முழுக்க நான் சும்மா இருக்கவில்லை. புது வண்டி எவ்வளவு கிலோமீட்டர் கொடுக்கும், எவ்வளவு மிச்சமாகும் என்று பேப்பரில் போட்டுக் காட்டினேன். கடைசியில் அவர் விண்ணப்பத்தையும் நானே அடித்தேன். கூலி வாங்கவில்லை. வண்டி எண்ணை அடிக்கும்போது மட்டும் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

வண்டியை உடைக்கிற இடம் பூந்தமல்லி போகிற வழியில் இருந்தது. பழைய இரும்பு வாங்குகிறவரின் கிடங்கு. நானும் கூடப் போனேன். பின் சீட்டில் உட்காரச் சொன்னார் மாமா, சவாரி போல. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். கிடங்கில் மீட்டரை மட்டும் கழற்றிக்கொண்டார். அதிகாரி ஒருவர் வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருந்த சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுத்ததும், கண்ணாடி போட்ட ஒருவர் கேஸ் கட்டரைப் பற்ற வைத்தார்.

கூரை முதலில் விழுந்தது. அப்புறம் கதவுகள். நடுவில் குறுக்காக ஒரு வெட்டு. ஒரு வண்டியைக் கொல்ல அரை நாளாவது ஆகும் என்று நான் நினைத்திருந்தேன். நாங்கள் வாங்கிய டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. சீட்டின் தேங்காய் நார் கருகிய வாசனை வந்தது. மாமா கையில் மீட்டரோடு நின்றார்.

"அவ்ளோதானா?" என்று அந்த ஆளைக் கேட்டார்.

"அவ்ளோதான் அண்ணாத்தே."

என் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தேன். ஆனால் கையில் சான்றிதழ் வந்துவிட்டது, முத்திரையோடு. அதைப் பார்த்துத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை வங்கிக்குப் போனோம். மேனேஜர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லித்தான் பேசினார். வட்டி குறைவுதான், ஆனால் வண்டி விலையில் கால் பங்கை முதலில் நாங்கள் கட்ட வேண்டும். சம்பளக்காரர் இரண்டு பேர் ஜாமீன் போட வேண்டும். சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவர் மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் காட்டியது, நான் அடித்துக்கொண்டிருக்கும் அதே விண்ணப்பத்தின் பின் பக்கம். கால் பங்கு, ஜாமீன், ஆறு மாதம் எல்லாம் வரிசையாக இருந்தன, கடைசியில் ஒன்பதாவது நிபந்தனை. சலுகை எதுவும் புது வாகனம் வாங்கும் பட்சத்தில் மட்டுமே. ரொக்கமாக ஏதும் தரப்பட மாட்டாது. மேற்படி காலத்துக்குள் வாங்காவிட்டால் உரிமை இல்லை. விரும்பினால் சான்றிதழைப் பிறர் பெயருக்கு மாற்றலாம்.

ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரிந்த வார்த்தை. எந்த வரியில் 'பட்சத்தில்' வரும், எங்கே அரைப்புள்ளி விழும் என்பதுகூட விரலுக்கு மனப்பாடம். அர்த்தம் மட்டும் அன்றுதான் முதல் தடவையாக எனக்குள் போயிற்று.

மாமா என்னைத் திட்டவில்லை. "பாத்துக்கலாம் பாப்பா" என்றார். கால் பங்குக்காக அக்காவின் வளையல்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம், போதவில்லை. ஜாமீனுக்கு ஆவடி குவாட்டர்ஸில் இருந்த தூரத்துச் சொந்தக்காரரைக் கேட்டோம். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். மாமா ஆக்டிங் டிரைவராகப் போக ஆரம்பித்தார். டிரைவர் லீவு போட்ட வீடுகளுக்கு, ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே. கூப்பிடாத நாட்களில் ஸ்டேஷன் வாசலுக்குப் போய், தன் பழைய இடத்தில் வேறொருவரின் டாக்ஸி நிற்பதைப் பார்த்துவிட்டு வருவார். அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சாப்பாடு போடுவாள். பேசமாட்டாள்.

ஐந்தாவது மாதம் ஒரு காலையில், சஃபாரி சட்டை போட்ட ஒருவர் என் மேஜைக்கு வந்தார். எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை முதலாளியிடம் மேனேஜராக இருப்பவர். அதே திட்டத்தில் சலுகைக்கு விண்ணப்பம். புது காரின் விவரங்களைச் சொன்னார். சான்றிதழை மேஜைமேல் வைத்தார். நான் வழக்கம்போல அடித்துக்கொண்டே வந்து, ஒப்படைத்த வாகனத்தின் எண் என்ற இடத்துக்கு வந்தேன்.

மாமாவின் வண்டி எண்.

தாளைப் பார்த்தேன், சான்றிதழைப் பார்த்தேன், மறுபடியும் தாளைப் பார்த்தேன். பின்னால் பெயர் மாற்றப் படிவம் குத்தியிருந்தது. மாமாவின் கையெழுத்து, கீழே சாட்சியாக ஒரு புரோக்கரின் கையெழுத்து. புரோக்கர் மூலம் விற்றிருக்கிறார். எனக்குத் தெரியக் கூடாது என்று அந்தப் படிவத்தை வேறு எங்கோ போய் டைப் அடித்திருக்கிறார்.

"இது உங்க வண்டி இல்லையே சார்" என்றேன்.

"ஆமாம்மா. எங்ககிட்ட குடுக்கறதுக்குப் பழைய வண்டி இல்ல. அதான் வாங்கினோம். முதலாளியம்மா கோயிலுக்குப் போக வர ஒரு கார் வேணுமாம்."

"முதலாளி வீட்ல வேற காரே இல்லையா?"

"இருக்கு, ரெண்டு. ஒண்ணு பழசுதான். ஐயாவோட அப்பா வாங்கினது, பெட்ரோல் தண்ணியா குடிக்கும். ஆனா ராசியான வண்டின்னு பெரியவர் குடுக்க மாட்டேன்னுட்டார்."

இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. வயதானவர்களின் பிடிவாதத்தைப் பற்றி எல்லோரும் சிரிப்பது போல.

எங்கள் வீட்டு அடுப்பை எரிய வைத்த வண்டியை டீ ஆறுவதற்குள் துண்டு போட்டார்கள். அதே அளவு பெட்ரோல் குடிக்கிற இன்னொரு வண்டி, ராசி என்று, பத்திரமாக ஷெட்டில் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் நிறுத்தப் புதிதாக ஒன்று. அதற்குச் சர்க்கார் தள்ளுபடி. அந்தத் தள்ளுபடி, மாமாவுக்குப் புரோக்கர் கொடுத்திருக்கக்கூடியதைவிடப் பல மடங்கு. தள்ளுபடித் தொகையைக் கூட்டி விண்ணப்பத்தில் அதற்கான கட்டத்தில் அடிக்க வேண்டியதும் நான்தான்.

அடித்தேன். இதைத்தான் என்னால் இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை. எண்ணைத் தப்பாக அடித்து ஒரு பக்கம் கெட்டுப்போனது. வேறு தாள் செருகி, கார்பன் வைத்து, மறுபடியும் அடித்தேன். அவர் கூலி கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். பக்கத்து மேஜைக்காரர் "இன்னாம்மா, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?" என்று சோடா வாங்கிவரப் போனார்.

மத்தியானம் எழுந்து எதிரே அலுவலகத்துக்குள் போனேன். அத்தனை நாள் அதன் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தும் அதிகாரியின் அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை. எங்கோ பெரிய தப்பு நடந்திருக்கிறது, யாரோ யாருக்கோ லஞ்சம் கொடுத்திருக்கிறார்கள், நான் சொன்னதும் அவர் துள்ளி எழுவார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அவர் டிபன் டப்பாவை மூடிவிட்டு முழுவதையும் கேட்டார்.

"இதுல தப்பு ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார்.

"அவங்க ஒரு பழைய வண்டியும் குடுக்கல சார்."

"ஒரு பழைய வண்டி ரோட்டுல இருந்து போயிடுச்சா இல்லையா? யாரோடதுன்னு விதி கேக்கல."

"குடுத்தவருக்கு ஒண்ணும் கிடைக்கலையே?"

"அவரும் புது வண்டி வாங்கியிருந்தா கிடைச்சிருக்கும். எல்லாருக்கும் ஒரே விதிதான்."

"வாங்க முடிஞ்சவங்களுக்கு சார்."

அவர் சன்னல் வழியாக வெளியே நின்ற ஒரு பழைய மொபெட்டைக் காட்டினார். "அது என்னோடது. எனக்கும்தான் ஒண்ணும் கிடைக்காது. நான் என்னம்மா பண்றது?"

லஞ்சம் இல்லை. திருட்டு இல்லை. ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. நான் நினைத்தபடி யாராவது ஒரு அயோக்கியன் இருந்திருந்தால் அன்று எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அறையைவிட்டு வெளியே வந்து, எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல், லைசென்ஸ் டெஸ்டுக்கு வந்தவர்களின் வரிசையில் போய் நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர் "நகரும்மா" என்ற பிறகுதான் சுதாரித்தேன்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"தேதி போய்ட்டா வெறும் காயிதம் பாப்பா. வந்த வெலைக்கு தள்ளிட்டேன். உன்னாண்ட சொன்னா நீ அய்வ."

வாங்குகிறவர் பெயரைப் புரோக்கர் காலியாக விடச் சொன்னதால், யாருக்கு விற்றார் என்பது அவருக்கே தெரியாது. நான் சொன்னேன். கோயிலுக்குப் போகும் கார், ராசியான வண்டி, தள்ளுபடி, அதிகாரி சொன்னது, எல்லாவற்றையும். மாமாவின் வாய் லேசாகத் திறந்தபடியே இருந்தது. "அவுங்க பழ்ச அவுங்களே வச்சிகினாங்களா?" என்று கேட்டார். சற்றுக் கழித்து, கேட்டதை மறந்தவர்போல, அதையே மறுபடியும் கேட்டார்.

அக்கா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்றுதான் என்னிடம் பேசினாள்.

"நீ இன்னாடி பண்ணுவ? படிச்சவ, படிச்சவன்னு நாங்களும்தான் நம்பிட்டோம்."

மன்னிப்பா, குத்தலா என்று எனக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை.

அடுத்த வாரம் நானே ஒரு மனு எழுதினேன். கோட்டைக்கு, மூன்று நகல் எடுத்து, ரிஜிஸ்டர் தபாலில். வண்டியை வைத்துப் பிழைக்கிறவர்களுக்குச் சான்றிதழுக்குப் பதில் முன்பணமாவது கொடுங்கள், சான்றிதழை விற்க விடாதீர்கள், பழைய வண்டியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குச் சலுகை தராதீர்கள் என்று எழுதினேன். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. நான்கு வரி. திட்டம் முடிந்துவிட்டது, குறிப்பிட்ட இலக்கு எட்டப்பட்டது, எரிபொருள் விரயம் செய்யும் பழைய வாகனங்கள் கணிசமாக நீக்கப்பட்டன, தங்கள் ஆலோசனைக்கு நன்றி.

நான் படித்துக் காட்டியதை மாமா கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வேனில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பட்டாபிராம் பக்கத்திலிருந்து ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவது. மாதச் சம்பளம், இரண்டு செட் காக்கி. அக்காவும் எஸ்டேட்டில் ரெடிமேட் சட்டை தைக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"கணிசமான்னா இன்னா பாப்பா?"

"நிறைய, மாமா."

"அதுல நம்ப வண்டியும் கீதா?"

"கீது மாமா" என்றேன். அவர் பேச்சே என் வாயில் வந்துவிட்டது.

அவர் தலையாட்டிவிட்டு வேன் சாவியை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினார். சொந்தமாக ஒரு வண்டி அதற்குப் பிறகு அவர் வாங்கவே இல்லை. நான் கல்யாணமாகிப் போகும்வரை அந்தக் கொட்டகையில்தான் டைப் அடித்தேன். எதை அடித்தாலும் முதலில் பின் பக்கத்தைத் திருப்பி முழுசாகப் படித்துவிட்டுத்தான் மெஷினில் செருகுவேன். அதனால் மெதுவாக அடிக்கிறவள் என்று பெயர் வந்தது. அவசரக்காரர்கள் பக்கத்து மேஜைகளுக்குப் போனார்கள்.