பூஜையில் இருந்த ஸ்பேனர் பெட்டி

துர்கா பூஜை அஷ்டமியன்று சாயங்காலம் என் பைக்கை எடுத்துக்கொண்டு பந்தல் பந்தலாகச் சுற்றப் போன அண்ணன், அதை மூங்கில் தடுப்பில் கொண்டுபோய் முட்டிவிட்டு வந்தான். கேட்டு எடுத்தானா? அதெல்லாம் அவன் அகராதியிலேயே கிடையாது. காலை ஷிஃப்ட் முடிந்த அசதியில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன், சாவி ஆணியில் தொங்கியது, எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் விடிந்து கீழே போய்ப் பார்த்தால், ஹெட்லைட்டைத் தாங்கும் பிராக்கெட் இரண்டு பக்கமும் முறிந்து, விளக்கு ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே வந்து கேட்டேன். "லைட்டுதானே, என்னமோ குடி முழுகின மாதிரி கத்துற" என்றான், டீயை உறிஞ்சிக்கொண்டே.

குடி முழுகத்தான் இருந்தது. கார்டன் ரீச்சில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் எனக்குக் காண்ட்ராக்ட் வேலை. தசமியன்று காலை ஆறு மணிக்கு டூட்டி. அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு முறை தாமதமாகப் போய், மூன்றாம் முறை என்றால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பூஜை நாளில் எங்கள் வீடு இருக்கும் டாக்குரியாவிலிருந்து அந்த நேரத்துக்கு பஸ்ஸை நம்ப முடியாது. ஐந்து மணி இருட்டில் விளக்கில்லாமல் பைக்கிலும் போக முடியாது. இது அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். அவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனால் சோற்றுக்குக் கவலையில்லை. என்னைத் தனியாக விட்டு வரமாட்டேன் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். என் வேலை போனால் நானும் கூடப் போக வேண்டியதுதான், அவன் கணக்கு பலித்துவிடும்.

மெக்கானிக்குக்கு போன் செய்தேன். அவன் ஊருக்குப் போய்விட்டான். "லொக்கி புஜோர் பொரே எஷோ, திதி" என்றான். லட்சுமி பூஜை முடிந்து வா அக்கா என்கிறான், அதற்கு இன்னும் ஐந்தாறு நாள் இருந்தது. நல்லவேளை, எப்போதோ ஆன்லைனில் வாங்கிய பிராக்கெட் ஜோடி ஒன்று கட்டிலுக்கடியில் கிடந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயைச் சுற்றி இறுக்கிக் கட்டும் வகை. நானே மாட்டிவிடலாம் என்று என் ஸ்பேனர் பெட்டியைத் தேடினேன்.

பெட்டி சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. சந்தனம், குங்குமம், மேலே ஒரு செம்பருத்தி. அன்றைக்கு ஆயுத பூஜை. பக்கத்தில் புத்தகங்கள், கத்தரிக்கோல், அரிவாள்மணை, லேக் மார்க்கெட்டில் வாங்கிய பொரி. மறுநாள் தசமியன்று மறுபடி தீபம் காட்டி எடுக்கும்வரை எதையும் தொடக் கூடாது. நான் பெட்டியைத் தூக்கினேன்.

"அடியே, என்ன காரியம் பண்ற" என்று அம்மா ஓடி வந்தாள்.

சோபாவில் படுத்திருந்த அண்ணன் எழுந்திருக்கக்கூட இல்லை. "வச்சதை எடுக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு? நாளைக்கு எடுத்துக்க."

"நீ என்னைக்குடா சாமி கும்பிட்ட?" என்று அவனிடம் கேட்டுவிட்டு, அம்மா பக்கம் திரும்பினேன். "போயும் போயும் இதைத்தான் பூஜையில வைக்கணுமா? நான் வேலை வெட்டி இல்லாம வீட்டுல உட்காரணும்னு உனக்கும் ஆசையா?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கீழே உட்கார்ந்து முறிந்ததைக் கழற்றி, புதியதைச் சுற்றிப் போட்டால், என் ஃபோர்க்குக்கு அது பெரிது. என்ன முறுக்கினாலும் வளையல் மாதிரி சுற்றியது. நடுவில் ரப்பர் கொடுக்க வேண்டும். ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. புதுத் துணியில் ஜொலித்த கீழ்வீட்டுப் பெரியவர், நாங்கள் காக்கு என்று கூப்பிடுபவர், நவமியன்று கூடவா வேலை என்று வங்காள மொழியில் விசாரித்தார். எரிச்சலில் ஏதோ முனகினேன்.

மேலே போனேன். அண்ணன் அறைக் கதவில், பூஜைக்கென்று அவன் வாங்கிய தோல் பெல்ட் தொங்கியது. நல்ல தடிமன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பூஜையிலிருந்த கத்தரிக்கோலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தேன். பெல்ட்டை நாலு துண்டாக நறுக்கி இடுக்கில் கொடுத்தேன், மேலே இரண்டு, கீழே இரண்டு. கச்சிதமாக உட்கார்ந்தது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பி ஒயர் சிக்கவில்லை என்று பார்த்து, எதிர்ச்சுவரில் வெளிச்சம் விழும் உயரத்தைச் சரிசெய்து, பெட்டியிலிருந்த அலென் கீயால் கைவலிக்க இறுக்கினேன். கத்தரிக்கோலைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பெட்டி என்னோடு இருந்தது, வழியில் தளர்ந்தால் வேண்டுமே.

தசமியன்று ஐந்து மணிக்குக் கிளம்பினேன். சாலையெல்லாம் காலித் தட்டும் மூங்கிலும். வெளிச்சம் துளிக்கூட ஆடவில்லை. ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டேன். ரிஜிஸ்டரைத் திருப்பி வாங்கியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அம்மா இன்னும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பெட்டி வராமல் எப்படித் தீபம் காட்டுவது என்று காத்திருந்தாளாம். எனக்குச் சுருக்கென்றது. பெட்டியை அதே இடத்தில் வைத்தேன். அவளே குங்குமத்தைத் தொட்டு அதன்மேல் வைத்தாள்.

"நேத்து அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றேன்.

"பெட்டியை நானா வச்சேன்? அஷ்டமி ராத்திரி அவன்தான் கொண்டாந்து கொடுத்தான். தங்கச்சியோடதையும் வைம்மான்னு சொன்னான். இத்தனை வயசுல இப்பவாவது புத்தி வந்துதேன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு. நீ சண்டை போடுறப்ப அவனைக் காட்டிக்கொடுக்க மனசு வரலை."

வண்டியை உடைத்துவிட்டு வந்த ராத்திரி. படி ஏறி வந்தவுடன் செய்த முதல் வேலை.

உள்ளேயிருந்து அவன் வந்தான். புதுப் பேண்ட், புதுச் சட்டை. விசர்ஜனத்துக்குச் சிநேகிதர்கள் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கையால் பேண்டை இடுப்போடு பிடித்துக்கொண்டிருந்தான்.

"என் பெல்ட்டைப் பார்த்தியா?"

"கீழே என் வண்டியில இருக்கு. கழற்றி எடுத்துக்க" என்றேன். "ஆனா ஸ்பேனர் பூஜையில இருக்கு. அம்மா தீபம் காட்டுற வரைக்கும் தொடக் கூடாது."

அம்மாவிடம் திரும்பி, தீபத்தை அப்புறம் காட்டிக்கொள்ளலாம், முதலில் சாப்பிட்டுவிடலாம் என்றேன்.