குலசாமி பெயரில் ஒரு பூட்டு

நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிற, பத்தாம் வகுப்போடு நின்ற நான் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் எங்கள் மில் ஆபீசில் கம்ப்யூட்டர்களை வயரால் இணைத்திருக்கிறார்கள். அவரவர் ரகசியச் சொல்லைத் தட்டினால்தான் திறக்கும். நான் குலசாமி பெயரை வைத்திருந்தேன். கோயில் பொங்கலை ஆபீஸ் முழுக்கக் கொடுப்பவளின் சாமி பெயர் யாருக்குத் தெரியாது?

யாரோ என் சொல்லைத் தட்டி, மில்லில் வேலை பார்க்கும் சில பெண்களின் வருகைப் பதிவை அழித்துவிட்டார்கள். பழி என்மேல் விழுந்தது. அன்று நான் லீவு என்பதால் வேலை தப்பியது.

உடனே சொல்லை மாற்றினேன். "என்னக்கா, சாமியவே மாத்திட்டீகளா?" என்று பக்கத்து மேசை கிளார்க் சிரித்தார்.

"சாமி அங்கனதான் இருக்கு தம்பி. இனிமே ஒங்க யாருக்கும் தொறக்காது."

மறுநாள் மேனேஜரே புதுச் சொல்லைக் கேட்டார். நான் சொல்லவில்லை.